விழுகிறவரைப் பிடிக்கக் கூடாது

“…அப்ப என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒரு மனுசர் விழேக்கை நான் பாத்துக்கொண்டு சும்மா நிக்கோணும். அப்பிடி நிக்கிறவனுக்குத்தான் உந்தச் சிவப்பு ஜக்கற். என்ன பிள்ளை, நான் சரியாத்தானே விளங்கிக்கொண்டிருக்கிறன்?”

அண்ணை இதைக் கேட்டது பனியில் மல்லாந்து கிடந்தபடி. அவர் “பிள்ளை” என்றது எங்கள் பொறுப்பாளரை. அவளும் பக்கத்தில்தான் கிடந்தாள். அவளுடைய ஒரு சறுக்குப் பலகை அண்ணையின் முழங்காலுக்கு மேலே குறுக்காகக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, தாடி வைத்த ஒரு பெரிய வெள்ளைக்கார மனிதர் உட்கார்ந்து தன் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா ஓடிப்போய்த் தூக்குவதா என்று தெரியாமல் நின்றேன்.

மார்க்கம் நகரத்தைத் தாண்டி வடக்கே போனால் வரும் ஒரு சின்னச் சறுக்கு மலை அது. மலை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அங்கே சனி, ஞாயிறுகளில் புதிதாக வருகிறவர்களுக்குச் சறுக்கப் பழக்குவது என் வேலை. நான் யாரிடமும் முறையாகப் படித்தவள் இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டு இங்கே வருவேன். பிள்ளைகள் சறுக்கி முடியும்வரை குளிரில் என்னதான் செய்வது? பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நானும் இறங்கினேன். வந்து சறுக்கி விழுகிற எங்கள் சனம் எல்லோரும் எழும்பியவுடன் “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்று சொல்வார்கள். ஒவ்வொருவரும் தான்தான் அதை முதன்முதலில் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணைதான்; சப்பாத்து அறையில் வேலை. கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வந்தவர். வந்தவர்களுக்குச் சறுக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுப்பார், கழற்றியதும் வாங்கி ஈரம் துடைப்பார். வேலை முடிந்த பிறகு தனியாக மேலே போய்ச் சறுக்கி, நன்றாகவே பழகிவிட்டார். ஆனால் பழக்குகிறவராக வேண்டுமென்றால் அதற்கு ஒரு சோதனை உண்டு. அதில் தேறினால் சிவப்பு ஜக்கற்.

அந்த ஜக்கற் அவருக்கு ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். அவருடைய மகளைப் பிக்கரிங்கில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பன், அதாவது சம்பந்தி, மரியாதை விஷயத்தில் மிகக் கவனமானவர். ஒரு விசேஷத்தில் தனக்குத் தேத்தண்ணி இரண்டாவதாக வந்தது என்பதற்காக ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர். பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் அந்தச் சம்பந்தி நாலு பேருக்கு முன்னால், “உங்களுக்கு அங்கை சப்பாத்துக் குடுக்கிற வேலையாமே?” என்று கேட்டிருக்கிறார். அண்ணைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நான் அங்கை மாஸ்டர். படிப்பிக்கிறன்” என்று சொல்லிவிட்டார். சம்பந்தி யோசிக்கவேயில்லை. குடும்ப நாள் விடுமுறையோடு சேர்ந்து வருகிற நீண்ட வார இறுதியின் சனிக்கிழமைக்கு, தன் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பாடம் பதிந்துவிட்டார். “அப்ப உங்களிட்டையே பழகுவம்” என்றாராம்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமைச் சோதனையில் அண்ணை தேறவேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை சம்பந்திக்கு முன்னால் முழங்காலில் குந்திச் சப்பாத்து மாட்டிவிட வேண்டும்.

அந்த நீண்ட வார இறுதிக்கு முன் எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பழக்குகிறவர்கள் எல்லோரும் ஒரு கம்பளித் தொப்பிக்குள் கைவிட்டு ஒரு துண்டுக் காகிதம் எடுக்கவேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த மாணவராக நடிக்கவேண்டும். ஒருவர் நடிக்க இன்னொருவர் பழக்குவார். விடுமுறையில் வரக்கூடிய எல்லாக் கூத்துக்கும் இப்படித்தான் தயாராவோம். எனக்கு வந்தது: உடுப்பெல்லாம் போட்டு முடிந்த பிறகு கழிவறைக்குப் போகவேண்டும் என்கிற ஆறு வயதுப் பிள்ளை. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. செங்குத்தான சரிவுகளில் பழக்குகிற தாடிக்காரருக்கு, அம்மாவைத் தேடி அழுகிற சின்னப் பெண் வந்தது. எங்கள் பொறுப்பாளர் யூனியன்வில்லில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தமிழ் எல்லாம் விளங்கும், பாதிதான் வாயில் வரும். அவளுக்கு வந்தது, சொல்லாமல் கொள்ளாமல் விழுகிற ஆள்.

சோதனையில் நாங்கள் மூவரும்தான் அண்ணையின் வகுப்பு.

அண்ணைக்கு நடிப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருந்தது. தாடிக்காரர் “மம்மி, மம்மி” என்று அடித்தொண்டையில் அழத் தொடங்கியதும், சட்டைப்பைக்குள் கைவிட்டுத் தோடம்பழ இனிப்பு ஒன்றை எடுத்து, உறையைப் பிரித்து அவர் வாயில் வைத்துவிட்டார். தாடிக்காரர் அதை உறிஞ்சிக்கொண்டே அழ மறந்துபோனார். நான் கழிவறைக்குப் போகவேண்டும் என்று சிணுங்கினேன். அண்ணை முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, “தங்கச்சி, வரேக்கையே போட்டு வந்திருக்கலாம்தானே. ஓடிப்போட்டு வாங்கோ” என்றார். அவர் சொன்ன தொனியில் எனக்கு உண்மையாகவே போகவேண்டும் போல வந்துவிட்டது.

அதுவரைக்கும் எல்லாம் திறம். அப்போதுதான் பொறுப்பாளர் விழுந்தாள்.

சறுக்கலில் முதல் பாடமே விழுவதுதான். பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பு முதலில் நிலத்தில் படும்படி, கையை ஊன்றாமல் விழவேண்டும். பழக்குகிறவருக்கு அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு: விழுகிறவரைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் இரண்டு பேரும் போவீர்கள், பலகையின் விளிம்பு கத்தி மாதிரி. விழ விட்டு, பிறகு எழும்பச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

அண்ணை பாய்ந்து பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சறுக்கிப்போய் இனிப்போடு நின்ற தாடிக்காரரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் இந்த முறை நடிக்காமல் கத்தினார். அவள் இரண்டாம் தரம் விழுந்தபோதும் அண்ணை பிடித்தார். மூன்றாம் தரம், “கையை என்னாலை கட்டுப்படுத்த ஏலாமல் கிடக்கு” என்று சொல்லி, கழுத்துத் துணியால் தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் என்னைக் கொண்டு கட்டுவித்தார். அவள் விழுந்தாள். அவர் தோளைக் கொடுத்தார். அந்த விழுகையில்தான் மல்லாந்து கிடந்தபடி, நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டது.

“அங்கிள், ஐ லவ் யூ” என்றாள் பொறுப்பாளர், வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு. “பட் யூ கான்ட் டூ திஸ்.”

“நான் கையாலை பிடிக்கேல்லைப் பிள்ளை.”

நான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சம்பந்தி கதையைச் சொன்னேன். தேத்தண்ணிக் கதையையும் சேர்த்துத்தான். தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளை, பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டு “ஓ மை கோட்” என்றாள். அவளுக்கும் பிறம்டனில் யாரோ ஒரு சம்பந்தி உறவு இருந்திருக்கவேண்டும். திரும்பி வந்து அண்ணையிடம், நாளைக்கு ஜக்கற் தருவதாகவும், ஒரே ஒரு ஆளைப் பிடித்தாலும் அந்த இடத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுச் சப்பாத்து அறைக்குப் போகவேண்டும் என்றும், தான் வேலிக்கரையில் நின்று பார்ப்பதாகவும் சொன்னாள். அண்ணை ஓம் என்று தலையாட்டினார்.

அன்று வேலை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அண்ணை எனக்காகக் காத்து நின்றார். காரின் பின்பெட்டியில் ஒரு அரிசி மூட்டை இருந்தது. நான் அதை அவர் பக்கமாகச் சரித்துவிட வேண்டுமாம், அவர் பிடிக்காமல் நிற்பாராம். சரித்தேன். பிடித்தார். திரும்பவும் சரித்தேன். திரும்பவும் பிடித்தார். “அரிசி அண்ணை, ஆள் இல்லை” என்றேன். “அரிசியை நிலத்திலை விடக்கூடாது தங்கச்சி, அது இன்னும் பிழை” என்றார். கடைசியில் உப்பு மூட்டைக்கு மாறினோம், வழியில் உறையும் பனியைக் கரைக்கப் போடுகிற உப்பு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழ விட்டார். விழுந்த மூட்டையிடம் மெதுவாக “சொறி” என்று மன்னிப்புக் கேட்டார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பனி கொட்டியது. கார்கள் பெருந்தெருவரைக்கும் வரிசையாக நின்றன. சிவப்பு ஜக்கற் அண்ணைக்கு இரண்டு அளவு பெரிது, கை விரல் நுனிவரை மூடியது. சம்பந்தி தன் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். பனி உடுப்புக்கு மேலே கழுத்தைச் சுற்றிக் கரை வைத்த சால்வை போட்டிருந்தார். அண்ணையின் மகளும் வந்திருந்தாள், தகப்பனைச் சிவப்பில் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். சம்பந்தி அண்ணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு தரம் தலையாட்டினார். அது அவருடைய அகராதியில் பெரிய பாராட்டு.

முதல் பாடம் விழுவது என்று அண்ணை சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு. சின்னவர்கள் சந்தோஷமாக விழுந்தார்கள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக வந்து இறங்கியவுடனேயே விழச் சொல்வதா? அண்ணை இரண்டு தரம் விழுந்து காட்டினார்.

“நீங்கள் விழுங்கோ சம்பந்தி, வடிவாய்த்தான் கிடக்கு” என்றார் சம்பந்தி. “நான் விழ வரேல்லை. ஓட வந்தனான்.”

சொன்னவர், சறுக்குக் கோலைப் பனியில் ஊன்றித் தன்னைத் தானே ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார்.

புதியவர்கள் பழகுகிற அந்தச் சரிவு, பார்த்தால் சரிவு என்றே தெரியாது. அதில் சம்பந்தி வெகு மெதுவாக, சால்வை விரிய, கோயில் தேர் அசைந்து வருவதுபோல வந்தார். நிறுத்துவது எப்படி என்று அவர் கேட்டிருக்கவில்லை. பலகைகளின் முன்பக்கத்தைக் குவியுங்கோ, குவியுங்கோ என்று அண்ணை கத்தினார். அவை அகன்றுகொண்டே போயின. கீழே, அவர் வரும் வழியில் அண்ணை நின்றார். வேலிக்கரையில் பொறுப்பாளர் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நான், என்னையறியாமல் அவளுடைய கையைப் பிடித்தபடி.

சம்பந்தி இரண்டு கைகளையும் அண்ணையை நோக்கி நீட்டினார். “பிடியுங்கோ சம்பந்தி” என்றார். நான் கேட்டவரை அந்தக் குரலில் அதிகாரம் துளியும் இல்லை.

அண்ணையின் கைகள் எழும்பின. பிடித்தால் ஜக்கற் போகும், அதுவும் சம்பந்தியின் கண்முன்னாலேயே. பிடிக்காவிட்டால், மகள் வீட்டு வாசலில் இனி எத்தனை வருஷம் தேத்தண்ணி கிடையாதோ. பொறுப்பாளரின் விரல்கள் என் கைக்குள் இறுகின. அண்ணையின் கைகள் நெஞ்சளவில் அப்படியே நின்றன. சம்பந்தி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினார்.

அண்ணை கைகள் இரண்டையும் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழியை விட்டு விலகி, இடுப்பு முதலில் நிலத்தில் பட, பக்கவாட்டில், படிப்பித்தது படிப்பித்தபடியே, சம்பந்தி தனியாக விழாதபடி, அவருக்கு ஒரு கணம் முந்தித் தானே விழுந்தார்.