எங்கள் வீட்டில் பெட்டி கட்டுகிறவர்

எங்கள் வீட்டில் பெட்டி கட்டுவது என் கணவரின் வேலை. நான் ஒப்படைத்தது இல்லை. கல்யாணமான புதிதில் அவரே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. நான் துணி அடுக்கின லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "இது பெட்டியா, அழுக்குக் கூடையா?" என்று கேட்டார். "அப்ப நீங்களே அடுக்குங்க" என்றேன். கோபத்தில் சொன்னது. அவர் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து, தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்தை விட்டு நாங்கள் எங்கே கிளம்பினாலும், ஒரே ஒரு நாள் தங்கி வரும் ஊராக இருந்தாலும், பெட்டி அவர் கையால்தான்.

சர்ச்சில் மற்ற பெண்கள் இதைக் கேட்டால் "கொடுத்து வச்சவங்க நீங்க" என்பார்கள். ஒரு தடவை வந்து கூட இருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

படப்பையைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவர் அவர். எந்தச் சாமானிலும் ஸ்பேர் ஒன்று இல்லாவிட்டால் அந்த உத்தியோகத்தில் தூக்கம் வராது. ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் புத்தி மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. டார்ச் லைட்டை எடுத்து வைப்பார். எதுக்கும் இருக்கட்டும். நைலான் கயிறு ஒரு சுருள், எதுக்கும் இருக்கட்டும். கொசுவத்தி, ஊசி நூல், ஒரு பூட்டு, அந்தப் பூட்டின் சாவி தொலைந்தால் இன்னொரு பூட்டு. கோடையில் குடை. மழைக்காலத்தில் இரண்டு குடை. "நாம போறது கல்யாணத்துக்கு, காட்டுக்கு இல்ல" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "தேவைப்படலேன்னா திருப்பிக் கொண்டு வரப்போறோம், அவ்ளோதானே" என்பார். அதைச் சுமப்பது யார் என்பதுதான் கேள்வி. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு கைப்பிடி அவரிடமும் இன்னொரு கைப்பிடி என்னிடமும் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் வாய்க்குள்ளேயே எங்களைத் திட்டிக்கொண்டு ஏறுவார்கள்.

இதில் என்னை அதிகம் படுத்துவது கவர்கள். ஜவுளிக்கடை கவர், மருந்துக்கடை கவர் எதையும் அவர் தூக்கிப் போட மாட்டார். ஒவ்வொரு சாமானுக்கும் தனிக் கவர், அந்தக் கவர்களைப் போட ஒரு பெரிய கவர். போன இடத்தில் சீப்பு வேண்டுமென்றால் நாலு முடிச்சை அவிழ்க்க வேண்டும். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கும்போது இவர் மாத்திரை எடுக்க ஆரம்பித்தால் அந்தச் சரசரப்பில் ரயில் பெட்டி முழுக்க விழித்துக்கொள்ளும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்பது போல உட்கார்ந்துகொள்வேன்.

அவர் சொல்வது சில சமயம் பலித்துத் தொலைக்கும். அதுதான் எரிச்சல். வேலூரில் ஒரு கல்யாணத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்து வந்தார். தலையில் அடித்துக்கொண்டேன். மண்டபத்து அறையில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது, அதுவும் கட்டிலுக்குப் பின்னால். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் எல்லோருடைய போனும் எங்கள் அறையில். "அங்கிள் மாதிரி வருமா!" என்று ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஒரு பார்வையை வைத்துப் பல வருஷம் ஓட்டினார்.

பெட்டி கட்டியதோடும் முடியாது. ஆட்டோ கேம்ப் ரோடு சிக்னலைத் தொடும்போது, "கேஸை மூடினியா?" என்பார். மூடியிருப்பேன். ஆனால் அவர் கேட்ட மாத்திரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிடும். "இன்னாக்கா, வண்டியத் திருப்பவா? டிரெயின் எத்தினி மணிக்கு?" என்று ஆட்டோக்காரர் கேட்பார். ஒருமுறை திருப்பியும் இருக்கிறோம். கேஸ் மூடித்தான் இருந்தது.

இப்படி வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறோம். சிரித்தும் இருக்கிறோம். பெட்டி விஷயத்தில் அவரோடு நிஜமாகவே கோபப்பட்டது ஒரே ஒரு முறைதான்.

என் அக்கா திருச்சியில் இருந்தாள். இங்கே பக்கத்து அஸ்தினாபுரத்தில் என்னோடு வளர்ந்தவள், கல்யாணமாகி அங்கே போனவள். எங்கள் இரண்டு பேருக்கும் உடன்பிறப்பு வேறு யாரும் இல்லை. அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, மறுபடியும் வந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் மகள் போன் செய்தாள். "சித்தி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கூட்டிட்டு வந்துட்டோம். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டுப் பேசுகிறாள் என்று தெரிந்தது.

மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் கிடைத்தது. எனக்கு மட்டும். அவருக்கு அப்போதுதான் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது, பயணம் கூடாது. நான் சோபாவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவர் பரண்மேலிருந்து சின்னப் பெட்டியை இறக்கினார். "என்ன வைக்கட்டும்?" என்றார். "நாலு சேலை, ரெண்டு நைட்டி. வேற ஒண்ணும் வேண்டாம். உங்க டார்ச்சு, கயிறு எதுவும் வேண்டாம்" என்றேன். சரி என்று தலையாட்டினார். சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். பாலுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைத்த பிறகு, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தேன். டார்ச்சும் கயிறும் இருந்தன. அவரைத் திருத்த முடியாது. நைட்டியைத் தூக்கினேன். அடியில், ஒரு புதுக் கவருக்குள், என் வெள்ளைச் சேலை. தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துக் கத்தி மாதிரி மடித்தது. இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அதோடு வெள்ளை ஜாக்கெட்டும்.

எங்கள் ஆட்களில் பெண்கள் துக்க வீட்டுக்கு வெள்ளைதான் உடுத்துவோம். இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எனக்கு அவரும் சொல்ல வேண்டியதில்லை.

சேலையைக் கவரோடு தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், "என்னங்க இது? அவ இன்னும் உயிரோடதானே இருக்கா?" என்று கத்தினேன். அவர் செய்தித்தாளை இறக்கினார். "இல்லம்மா... எதுக்கும்..." என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டார். "எதுக்கும்? எதுக்கு? சொல்லுங்க, எதுக்கு?" என்றேன். "என் அக்கா என்ன உங்க ஸ்டோர்ஸ் சாமானா?" என்று கேட்டுவிட்டு, சேலையையும் ஜாக்கெட்டையும் பீரோவில் திணித்துச் சாத்தினேன். அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே சாப்பிட்டோம்.

காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது, நானே பீரோவைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து, அதே கவரில் போட்டு, பெட்டியின் அடியில் வைத்தேன். போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால், யாரிடமாவது ஒரு வெள்ளைச் சேலை கேட்டு வாங்கிக் கட்ட வேண்டியிருக்குமே என்று தோன்றியது. தோன்றியதற்கே என்னை நாலு அறை அறையலாம். ஆனாலும் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் ஸ்டேஷன் வரை வந்தார், பெட்டியைத் தூக்கி சீட்டுக்குக் கீழே தள்ளினார்.

செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம். நான் போய் இறங்கியதும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே, "பெட்டியத் திற, என்ன கொண்டாந்திருக்கே பார்ப்போம்" என்பாள். ஒவ்வொரு சேலையாக எடுத்து விலை கேட்பாள், ஏமாந்துவிட்டாய் என்பாள், அதில் ஒன்றைத் தனக்கென்று எடுத்தும் வைத்துக்கொள்வாள். எங்களுக்குள் அது சடங்கு மாதிரி. படுத்த படுக்கையாக இருக்கிறவள் அதையெல்லாம் மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுப்புரத்தில் சேலையை எடுத்துக் கைப்பைக்குள் அடைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. எதிர்சீட்டுப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி பெட்டியிலேயே வைத்தேன். அக்கா இதை மட்டும் பார்த்துவிடக் கூடாது ஆண்டவரே என்று திருச்சி வரைக்கும் ஜெபம்தான்.

ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்தவுடன் அவள்தானா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. முகத்தில் மூக்கு மட்டும் பழைய மூக்கு. நான் கட்டிலருகே போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியை மெல்லக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"அதை ஏன் உள்ளே தள்றே? எடு வெளியே" என்றாள் அக்கா. குரல் தேய்ந்துவிட்டது, அதிகாரம் தேயவில்லை.

"பழைய சேலைக்கா, ஒண்ணும் புதுசு இல்ல. அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம் எனக்கு ஏதுடி அப்புறம்? திற" என்றாள்.

நான் அசையவில்லை. அக்கா தன் மகளைப் பார்த்தாள். மகள் பெட்டியை இழுத்துக் கட்டில்மேல் வைத்துத் திறந்தாள். சித்தியின் பெட்டியில் என்ன இருக்குமென்று அவளுக்கு என்ன தெரியும்! கவர்களைப் பார்த்ததும் அக்கா சிரித்தாள். "உன் வீட்டுக்காரர் கட்டினதுதானே" என்றாள். டார்ச்சை எடுத்தார்கள். கயிறு வந்தது. "எங்க வீட்டுல கொடிக்கயிறு இல்லேன்னு யாருடி சொன்னா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள், இருமல் வந்தது. ஒரு சேலை, இரண்டு சேலை. விலை கேட்டாள். ஏமாந்துட்டே என்றாள். நான் பெட்டியை மூடப் போனேன். அதற்குள் அவள் மகள் அடியில் கை விட்டு அந்தக் கவரை எடுத்துப் பிரித்துவிட்டாள்.

பிரித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை இங்க இருந்தா கோயிலுக்குக் கட்டிக்கலாமேன்னு..." என்றேன்.

அக்கா சேலையைத் தன் பக்கம் இழுத்து, மடிப்பின்மேல் விரலை ஓட்டினாள். "இஸ்திரிக்காரன் நல்லா போட்டிருக்கான்" என்றாள். பிறகு, "இதுக்கு ஜாக்கெட் எங்கே?" என்றாள்.

ஜாக்கெட் இல்லை. காலையில் அவசரத்தில் சேலையை மட்டும் எடுத்திருக்கிறேன். அது ராஜகீழ்ப்பாக்கத்தில் என் பீரோவில் கிடக்கிறது. நான் அழுதுவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சரி சரி, மூக்கைச் சிந்தாதே, எனக்குக் குமட்டும்" என்றாள். "இங்க கேளு. அந்த பீரோவுல மேல்தட்டுல என்னோட வெள்ளை ஜாக்கெட் ரெண்டு இருக்கும். முன்னாடி நான் குண்டு. இப்ப நீ குண்டு. உனக்குச் சரியா இருக்கும். அதுல ஒண்ணை எடுத்து இந்தச் சேலையோட சேர்த்து வச்சிட்டுப் போ. திருப்பிக் கொண்டு போகாதே. அடுத்த தடவை உனக்குப் பெட்டி கட்டவெல்லாம் நேரம் இருக்காது. கைய வீசிட்டு வா."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைக்கச் சொன்னாள். வைத்தேன். மூன்று நாள் இருந்தேன். அதைப் பற்றி அப்புறம் இருவரும் பேசவில்லை. பழைய கதைகள், யாருடைய கல்யாணத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது, என் கணவர் எவ்வளவு பெரிய இம்சை, இவைதான் பேச்சு. கிளம்பும்போது என் சேலைகளில் ஒன்றை வழக்கம்போல எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது போன் இரண்டு வாரம் கழித்து, அவர் கண் ஆறிய பிறகு வந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டுப் பரணில் இருந்து பெட்டியை இறக்கினார். "வேண்டாங்க, எல்லாம் அங்கேயே இருக்கு" என்றேன். அவர் காலிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அதை வைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அங்கே போய் முகம் கழுவிவிட்டு உடுத்திக்கொண்டேன். அக்கா சொன்னது சரிதான். ஜாக்கெட் அளவாக இருந்தது.