பிரபுவுக்குப் பேச்சு திரும்பியது

கோப்பில் பெயரைப் பார்த்த உடனேயே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஹைகேட்டில் அவருடைய மகளின் வீட்டுக்குப் போய், சாய்வு நாற்காலியில் கோணிக் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தபோது இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இன்னும் இருக்கிறாரா என்ற எரிச்சல்தான் வந்தது.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கு மறுபடி பேசப் பழக்குவது என் தொழில். லண்டனில் வீடு வீடாகப் போய் அதைத்தான் செய்கிறேன். இவருடைய ஆங்கிலத்தை நோய் முழுவதுமாகத் துடைத்துவிட்டிருந்தது. எஞ்சியிருந்தது உடைந்துபோன டேனிஷ் மட்டும். எங்கள் குழுவில் டேனிஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய அப்பாவும் அம்மாவும் நானும் முதலில் போய்ச் சேர்ந்தது டென்மார்க்கின் ஒரு சிற்றூருக்கு. மூடிக்கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றை அகதி முகாமாக்கி எங்களைக் குடிவைத்திருந்தார்கள். அந்த ஊரின் எல்லையில் அகழி சூழ்ந்த மாளிகை ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் இந்தப் பிரபு. பரம்பரைப் பட்டம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல், சொந்தமாக ஒரு வேட்டைக் காடு. இவ்வளவும் போதாமல் நாடாளுமன்றத்துக்கும் போக ஆசைப்பட்டார். அதற்கு அவருக்கு ஒரு விஷயம் தேவைப்பட்டது. நாங்கள் கிடைத்தோம்.

ஊர் விளையாட்டு மண்டபத்தில் கூட்டம் போட்டார். எங்களையும் அழைத்திருந்தார். எங்களை வைத்துக்கொண்டே பேசுவதுதான் நேர்மையாம். முகாமில் டேனிஷ் ஓரளவு பிடிபட்டிருந்தது பள்ளிக்கூடம் போன எனக்குத்தான். எனக்கு ஒன்பது வயது. கடைசி வரிசையில் கதிரையின் மேல் என்னை ஏற்றி நிறுத்தி, அவர் சொல்வதைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

"விருந்தாளி என்பவன் ஒரு நேரத்தில் எழுந்து தன் கோட்டைப் போட்டுக்கொள்வான். இவர்களோ கோட்டைக் கழற்றி நம் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டார்கள்."

மண்டபம் சிரித்தது. நான் தமிழில் சொல்லி முடித்தபோது எங்கள் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. பிறகு அப்பா எழுந்தார். தனக்குத் தெரிந்த ஒரே டேனிஷ் சொல்லைச் சொன்னார். நன்றி என்றார். மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று வெகுகாலம் கழித்துக் கேட்டேன். "பயத்திலதான் பிள்ளை. பேசாம இருந்தா கோவம் எண்டு நினைச்சுப்போடுவாங்கள்" என்றார்.

பிரபு வென்றார். முகாமை மூடினார்கள். நாங்கள் இன்னும் வடக்கே, மீன் நாற்றமடிக்கும் ஒரு துறைமுக ஊருக்கு அனுப்பப்பட்டோம். பல வருடங்கள் கழித்து அங்கிருந்து லண்டன் வந்தோம். அவர் மந்திரியானார், கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றார், மனைவி இறந்த பிறகு மாளிகையை மகனிடம் விட்டுவிட்டு லண்டனில் மகளிடம் வந்தார். இதையெல்லாம் செய்திகளில் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன். பிடிக்காதவர்களைப் பற்றித்தான் நான் நிறையத் தெரிந்து வைத்திருப்பேன்.

பயிற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாரந்தோறும் ஆர்ச்வே ரயில் நிலையத்தில் இறங்கி மேடேறிப் போவேன். நோயாளியின் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுப்பது எங்கள் வழக்கம் என்பதால் மகள் பழைய படங்களைக் கொண்டுவந்து பரப்பினாள். ஒவ்வொன்றாக நீட்டுவேன். குதிரை. அகழி. துப்பாக்கி. நாடாளுமன்றப் படிக்கட்டு. 'மந்திரி' என்ற சொல் அவர் வாயில் நெடுநேரம் சிக்கிக்கொண்டது. எச்சில் வழிய அதனோடு அவர் போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அசையை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் நோயாளியே முயலட்டும் என்பதுதான் முறை. அந்த முறை அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

டேனிஷில் நீ, நீங்கள் என்ற பேதம் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அவர் என்னை நீ என்றார். நானும் அவரை நீ என்றேன். அதில் எனக்கொரு திருப்தி இருந்தது.

கோடை முடிவதற்குள் வாக்கியங்கள் வரத் தொடங்கின. ஒரு நாள், அரசியலுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டேன். பயிற்சிக்கான கேள்விதான். அவர் முகம் மலர்ந்தது.

"ஒரு கூட்டம். விளையாட்டு மண்டபம். அகதிகள் இருந்தார்கள். நான் கோட்டைப் பற்றி... ஆணியைப் பற்றிச் சொன்னேன். நாடு முழுக்கப் பேசினார்கள்."

"அதைத் தமிழில் சொன்னவள் நான்தான்" என்றேன். "கடைசி வரிசையில், கதிரையில் நின்ற சின்னப் பெண்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். வெட்கப்படுவார் என்றோ, நினைவில்லை என்பார் என்றோ எதிர்பார்த்தேன்.

"சரியாகச் சொன்னாயா?" என்று கேட்டார்.

"ஒரு சொல் விடாமல்."

"நல்லது" என்றார். பிறகு, இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தை முடித்தவர்கள் போலச் சிரித்தார்.

அடுத்த வாரம் மகள் என்னை வாசலிலேயே நிறுத்தினாள். பிரபு அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார். தன் அப்பாவின் வாழ்க்கையைப் பற்றி நிகழ்ச்சி தயாரிக்க டென்மார்க்கிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு வரப்போகிறதாம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டேனிஷில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"அவருக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்கும். உங்களுக்கும் மனது ஆறும் இல்லையா?" என்றாள்.

"எனக்கு ஆற வேண்டாம்" என்றேன். அவள் முகம் சிவந்தது. உள்ளே போய் அன்றைய பயிற்சியைக் கொடுத்தேன். அவருக்கு ஒதுக்கப்பட்ட வாரங்கள் முடிந்ததும் கோப்பை மூடினேன்.

இவற்றில் எதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. நோயாளியைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பது விதி. அம்மா போன பிறகு அவர் லண்டன் ஹரோவில் என்னோடு இருக்கிறார். டேனிஷைப் பிறகு முக்கி முக்கிப் படித்தவர், மறந்துவிடக்கூடாதென்று கணினியில் இன்னும் அந்த நாட்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்பார். ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்தபோது திரையை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இதை ஒருக்கால் பார்" என்றார்.

பிரபு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சீவிய தலை, கழுத்தில் பட்டுத்துணி. தடங்கலில்லாமல் பேசினார். "எனக்குப் பேச்சைத் திருப்பித் தந்தது அந்த முகாமில் இருந்த ஒரு பெண். அழகான டேனிஷ் பேசுகிறாள். நாங்கள் அன்று கண்டிப்பாக இருந்ததால்தான் அவர்கள் இப்படி முன்னேறினார்கள்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உது ஆர், நீயோ?"

தலையசைத்தேன். அவர் முகம் மாறியது.

"உலகத்தில வேற வேலை கிடைக்கேல்லையே உனக்கு? அந்தாளின்ர வாயைத் திறந்து விட்டிருக்கிறாய்."

"என்ர வேலை அப்பா. மாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

"ஓம், வேலை வடிவாத்தான் நடந்திருக்கு. ஒரு சொல்லிலயும் தடக்கேல்ல." கணினியைப் படாரென்று மூடிவிட்டு எழுந்து போனார். சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரபு என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார் என்று கொதித்தேன்.

குளிர்காலத்தில் மகள் அழைத்தாள். இரண்டாவது முறையாகப் பக்கவாதம். சின்னதுதான். ஆனால் பேச்சு மறுபடியும் போய்விட்டது. "அவர் உங்களைத்தான் எதிர்பார்க்கிறார்" என்றாள். என் மேலாளரும் கேட்டார். முன்பு நடந்ததை இந்த முறை சொன்னேன். அப்படியானால் உன் விருப்பம் என்றார்.

என்னுடன் வேலை செய்யும் ஓர் ஆங்கிலப் பெண்ணை மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு அனுப்பினார்கள். அவள் நல்ல கெட்டிக்காரி. அவரால் 'தண்ணீர்', 'ஜன்னல்' என்று சொல்ல முடிகிறது, அதற்கு மேல் வரவில்லை என்று தேநீர் வேளையில் வருத்தத்தோடு சொன்னாள். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்த வழிகள் இருந்தன. தெரியாது என்றேன்.