இரண்டாவது சிம்மில் இருந்த மரியாதை

தொண்டாமுத்தூர்ப் பக்கம் போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் மாசாணத்திடம் ஒரே ஒரு செல்போன்தான் உண்டு. அதில் நம்பர் இரண்டு. முதல் நம்பர் அடித்தால் எழுந்து நின்று பேசுவார். இரண்டாவது நம்பர் அடித்தால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பேசுவார். போன் ஒன்றுதான், பேசுகிற வாயும் ஒன்றுதான். ஆனால் எந்த நம்பர் அடிக்கிறது என்பதைப் பொறுத்து ஆள் மாறிவிடுவார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்தக் கதையில் கடைசி வரைக்கும் அவர் 'அவர்'தான். நாற்பத்தெட்டு வயது, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குத் தகப்பன், எண்ணூறு அடி ஆழத்தில் ஓடும் மோட்டாரின் சத்தத்தைக் குழாயில் காது வைத்துக் கேட்டே பேரிங் போயிற்றா கம்பிக் காயில் போயிற்றா என்று சொல்லிவிடுகிறவர். ஊரில் அவரை 'அவர்' என்று சொல்ல ஆளில்லை. இங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

கோயமுத்தூர்க்காரர்களிடம் மரியாதைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஸ் கண்டக்டர் சில்லறை கேட்டாலும் 'ங்க' போடுவார். சண்டைக்கு வருகிறவனும் 'ஏனுங்க' என்றுதான் ஆரம்பிப்பான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு மயங்கிப்போவார்கள். அந்த 'ங்க' எந்தெந்தத் தெருமுனையில் நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாசாணம் அப்படி ஒரு தெருவில் பிறந்தவர். அவருடைய அப்பா பெரிய தோட்டத்து அப்புசாமியிடம் பண்ணையாளாக இருந்தே செத்தார். மாசாணம் மண்வெட்டியைத் தொடாமல் டவுனில் கணபதிப் பகுதிப் பட்டறை ஒன்றில் சேர்ந்து மோட்டார் வேலை கற்றுக்கொண்டு வந்தார். தொழில் மாறியது. கூப்பிடுகிற விதம் மாறவில்லை.

இரண்டாவது நம்பர் வந்ததற்குக் காரணம் ஓர் ஆறு வயதுக் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் மகள் யுவஸ்ரீ ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். பேசியது அப்புசாமியின் பேத்தி கனிஷ்கா.

"மாசாணா, தாத்தா கூப்பிடறாங்க. மோட்டரு ஓடல. வெசயா வா."

"இதா வந்துட்டனுங்க அம்மணி" என்றார் மாசாணம், பாதிச் சோற்றில் எழுந்து நின்று.

குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது தாத்தாவுக்கு 'ங்க' போட்டது, இவருக்குப் போடவில்லை. யாருக்குப் போட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை அந்த வீட்டில் பால் புகட்டும்போதே சேர்த்துப் புகட்டிவிடுகிறார்கள். யுவஸ்ரீ அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கல்லூரியிலிருந்து வரும்போது புது சிம் ஒன்றை வாங்கிவந்து, அப்பாவின் போனில் காலியாகக் கிடந்த இன்னொரு இடத்தில் போட்டாள். அதற்குக் குருவி கத்துகிற மாதிரி ஒரு ரிங்டோன் வைத்தாள். 'யுவஸ்ரீ போர்வெல் சர்வீஸ்' என்று பெயர் கொடுத்து மேப்பில் ஏற்றினாள்.

"அப்பா, குருவி கத்துனா நீங்க ஓனரு. எந்திரிக்கப்படாது. 'சாமி' சொல்லப்படாது. சார்னு சொன்னாப் போதும்."

குருவி முதல்முதலாகக் கத்தியபோது, "ஏனுங்க, யுவஸ்ரீ போர்வெல் சர்வீஸுங்களா? ஐயா எப்ப வரமுடியுமுங்க?" என்று ஒரு குரல் கேட்டது. மாசாணம் திரும்பிப் பின்னால் பார்த்தார், யாரையோ கேட்கிறார்கள் என்று. மகள் சிரித்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிறுவாணி ரோட்டுப் பக்கம் தென்னந்தோப்பை வாங்கி வீடு கட்டும் டவுன்காரர்கள் அந்த நம்பரில் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு இவர் யார், எந்தத் தெரு என்பதெல்லாம் தெரியாது. போனில் கொடுத்துவிட்ட மரியாதையை நேரில் பார்த்தபிறகு திருப்பி வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அல்லது அது தேவைப்படவில்லை. நாற்காலி போட்டார்கள். யானை மிதித்து உடைத்த பைப்பை மாற்றிக் கொடுத்ததற்கு ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டே மாதத்தில் மாசாணத்தின் நடையில்கூட ஒரு நிமிர்வு வந்திருந்தது.

அப்போதுதான் ஒருநாள் குருவி கத்தியது, எடுத்தால் அப்புசாமியின் மகன் மனோஜ்குமார். பெங்களூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, பெரிய தோட்டத்தில் பாதியை விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தான். மேப்பில் தேடி எடுத்த நம்பரில்தான் கூப்பிட்டான்.

"வணக்கமுங்க. எங்க தோட்டத்துல ஆறு போரு இருக்குதுங்க. வருசம் பூராவும் நீங்களே பாத்துக்கற மாதிரி ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாமுங்களா?"

அந்த ஆறு போர்களிலும் மோட்டாரை இறக்கியதே மாசாணம்தான். அந்த வீட்டிலிருந்து தமக்கு 'ங்க' கிடைப்பது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் இப்படியே பேச்சு நடந்தது. வடக்குப் போரின் ஆழத்தை அறுநூறு அடி என்று மனோஜ்குமார் சொன்னபோது மாசாணத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "எண்ணூத்தம்பது இருக்குமுங்க சார்" என்றார்.

"பாக்காமயே எப்படிங்க சொல்றீங்க?"

"அந்தப் பக்கம் மண்ணு அப்படிங்க சார்."

"தொழில் தெரிஞ்சவருங்க நீங்க" என்றான் மனோஜ்குமார். அந்த ஒரு வாக்கியத்தை மாசாணம் ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் நம்பரில் அதே வீடு பழையபடியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் "டேய் மாசாணா, பியூசு போயிருச்சு, வா" என்று அப்புசாமி கூப்பிட, இவர் போய் மோட்டார் அறையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் குருவி கத்தியது. எட்டிப் பார்த்தால் இருபதடி தள்ளி வாசலில் நின்று மனோஜ்குமார் போனைக் காதில் வைத்திருக்கிறான். மாசாணம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் குத்தவைத்து எடுத்தார்.

"சொல்லுங்க சார், சைட்டுல இருக்கனுங்க."

"அப்படிங்களா, தொந்தரவு பண்ணிட்டனுங்க. வேலயப் பாருங்க, பொறவு பேசறனுங்க."

வைத்துவிட்டு மனோஜ்குமார் மோட்டார் அறைப் பக்கம் வந்தான். "மாசாணா! எங்க போயிட்ட? வேல ஆகமாட்டீங்குது. சீக்கிரம் முடிச்சுட்டுக் கெளம்பு."

ஒரே வாய், ஒரே நிமிடம். குரலை வைத்து அவன் கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். மாசாணத்தின் குரலை அவன் எப்போது கேட்டிருக்கிறான்? சொன்ன வேலையைச் செய்கிறானா என்றுதான் அந்த வீட்டில் பார்ப்பார்கள்.

கடைசியில் நாள் குறித்தார்கள். "வெள்ளிக்கிழம பத்து மணிக்கு ஊட்டுக்கே வந்துருங்க. காப்பி சாப்பிட்டுட்டே கையெழுத்துப் போட்டுக்கலாமுங்க" என்றான் மனோஜ்குமார். அந்த வீட்டின் புறக்கடையைத் தாண்டி மாசாணம் போனதில்லை. அங்கே ஹாலில் கிடக்கும் தேக்கு நாற்காலிகளை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். அதில் ஒன்றில் உட்கார வேண்டும். உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். நேரில் போனால் தெரிந்துவிடுமே என்று பயந்தார்.

"தெரியட்டும்ப்பா" என்றாள் யுவஸ்ரீ. "மூணு வாரமா வாங்க போங்கன்னு சொன்ன வாயி. அப்பறம் மூஞ்சியப் பாத்து வாடான்னு சொல்ல அவங்களுக்கே கூச்சமா இருக்கும். வாசல் வரைக்கும் போயிட்டீங்கன்னா போதும்."

படித்த பெண்ணல்லவா, கூச்சம் எல்லோருக்கும் இருக்கும் என்று நம்பினாள். அக்ரிமெண்டை அவளே டைப் செய்தாள். 'திரு. கா. மாசாணம், உரிமையாளர்' என்று அடித்து, அந்தத் தாளை அவரிடம் காட்டினாள். அவர் அந்தத் 'திரு'வை விரலால் தடவிப் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம். மாசாணம் தம் ரிப்பேர்க் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். குருவி கத்தியது.

"நாளைக்கு வந்துருவீங்கல்லங்க? எங்கப்பா உங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசணும்ங்கறாருங்க. சித்த இருங்க, குடுக்கறேன்."

மாசாணம் தயாராக இல்லை. மகனிடம் பேசப் பழகியிருந்தார், தகப்பனிடம் பழகவில்லை. போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தத் தொண்டை செருமல்.

"வணக்கமுங்க. நான் அப்புசாமிங்க. என்ற பையன் உங்களப் பத்தி நெம்ப ஒசத்தியாச் சொன்னானுங்க."

நாற்பத்தெட்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து மூன்று 'ங்க'. மாசாணம் எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த காயில் தரையில் உருண்டது. எழுந்ததுகூடத் தெரியாது அவருக்கு. சார் என்று சொல்ல வேண்டும் என்று மனது சொன்னது. நாக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்தது, அது மனதைக் கேட்கவில்லை.

"சொல்லுங்க சாமி" என்றார்.

கொங்கு நாட்டில் குழந்தையைக் கொஞ்சுகிறவர்களும் 'சாமி' என்பார்கள். அது வேறு. தலையைக் குனிந்துகொண்டு, குரலைப் பாதியாக்கிக்கொண்டு சொல்கிற இந்தச் 'சாமி' ஒரே ஒரு தெருவிலிருந்துதான் வரும். அப்புசாமி அந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஆருடா அது? மாசாணனா?"

மாசாணம் உருண்டுபோன காயிலைக் குனிந்து எடுத்தார்.

"அட, மாசாணன்தான்!" அப்புசாமி விழுந்து விழுந்து சிரித்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனிதனாக மதித்த மாதிரி இருந்திருக்கும். "டேய் மனோஜு, நீ மூணு வாரமா வாங்க போங்கன்னு பேசிட்டிருந்தது நம்ம மாசாணங்கிட்டடா! ரெண்டு நம்பரு வெச்சு வெளையாடறான் பாரு!"

மனோஜ்குமார் போனை வாங்கினான். "அப்ப நீங்..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். "நீதானா அது?" என்றான்.

அந்த 'நீங்' பாதியில் அறுந்ததை மாசாணம் காதால் கேட்டார். ஒரு எழுத்துதான். கயிறு அறுந்து மோட்டார் ஆழத்துக்குப் போகும்போது கேட்கிற சத்தம் அவருக்குத் தெரியும், அப்படி இருந்தது.

"முன்னமே சொல்லியிருக்கலாமில்ல மாசாணா. நாளைக்கு வர வேண்டாம். நம்மாளுக்கு எதுக்கு அக்ரிமெண்டு? வேல இருக்கறப்ப கூப்பிடறோம், வந்து பாத்துட்டுப் போ."

நம்மாளு. எவ்வளவு இனிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். வெளியாளுக்கு நாற்காலி, காப்பி, கையெழுத்து. நம்மாளுக்குப் புறக்கடை.

அடுத்த வாரம் பெரிய தோட்டத்து அக்ரிமெண்ட் பெரியநாயக்கன்பாளையத்துக் கம்பெனி ஒன்றோடு கையெழுத்தானது. அவர்கள் காரில் வந்து ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்தார்களாம். யுவஸ்ரீ டைப் செய்த தாள் மட்டும் வீட்டில் டி.வி.க்கு மேலே கொஞ்ச நாள் இருந்தது. ஒருநாள் பார்த்தபோது காணோம்.

மாசாணம் சண்டைக்குப் போனாரா? இல்லை. ஒருவர்மேலும் அவருக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் கொடுமை. தம் நாக்கின்மேல்தான் வந்தது. "ஒரு வார்த்த கண்ணு, ஒரே ஒரு வார்த்த" என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு யாருக்கோ வர வேண்டிய வெட்கத்தை இவர் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

இருபது நாள் போயிருக்கும். காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது குருவி கத்தியது. யுவஸ்ரீ எடுத்து, "வணக்கமுங்க, யுவஸ்ரீ போர்வெல் சர்வீஸுங்க" என்றாள்.

மனோஜ்குமார்தான். முன்பு ஒரு தடவை அவள் எடுத்தபோது 'மேடம்' என்று சொன்னவன். "ஏ புள்ள, உங்கப்பன் எங்க? வடக்குப் போரு நின்னுபோச்சு. கம்பெனிக்காரங்க வர ரெண்டு நாளாகுமாம். அவன ஒடனே வரச் சொல்லு." வைத்துவிட்டான்.

அவள் கையிலேயே போனை வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் சின்னதாக '2' என்று தெரிந்தது. அவள் பெயர் வைத்த நம்பர்.

மாசாணம் தலை துவட்டியபடி வந்தார். "ஆரு கண்ணு?"

"பெரிய தோட்டத்துலருந்துப்பா. மோட்டரு ஓடலயாம்."

"எந்த நம்பர்ல?"

"ரெண்டுல."

அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "வாங்கன்னாங்களா, வான்னாங்களா?"

யுவஸ்ரீ குனிந்து போனை சார்ஜரில் சொருகினாள்.

"வரச் சொல்லுங்கன்னு சொன்னாங்கப்பா."

மாசாணம் நிமிராமலே நின்ற அவளைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, சங்கிலியும் ஸ்பேனர்ப் பையும் எடுத்துக்கொண்டு, வண்டியை உதைத்தார். பொய் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.