பிழையின் வாயையும் அடைத்தவர்

ஸ்டுட்கார்ட் ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் காதுகளில் பஞ்சு அடைத்திருந்தார். மடிக்கணினியில் திருத்திய நிரலை, பலர் சேர்ந்து நிரல் எழுத உதவும் 'கிட்' மென்பொருள் மூலம் அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒவ்வொரு கட்டளைக்கும் வரும் பதில் முழுவதையும் திரைக்கு வராமல் தொலைத்துவிடுவது அவர் பழக்கம் என்று பார்த்ததும் தெரிந்தது. நிரல் எழுதும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றாலும் முறை பிழைத்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அவர் முன்னே கையசைத்தேன். ஒரு பஞ்சை எடுத்தார்.

"போய்ச் சேர்ந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை. இண்டைக்கு வாடிக்கையாளருக்குக் காட்டவேணும். பிழையெண்டால் சொல்லியிருக்கும்தானே?"

"சொல்ல விட்டால்தானே சொல்லும்! கட்டளையோடை 'குவைட்' எண்டு மட்டும் போடுங்கோ. அலட்டாது, பிழையை மறைக்காது."

போட்டு அனுப்பினார். நிராகரிக்கப்பட்டதாகப் பதில் வந்தது. சக ஊழியர் ஒருவர் செய்த மாற்றம் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதைத் தன் நிரலோடு இணைத்து மறுபடி அனுப்பினார். இம்முறை உண்மையாகவே போய்ச் சேர்ந்தது.

நன்றி சொல்லிப் பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொண்டார். ரயில் ஸ்டுட்கார்ட் வரை போகாது, அடுத்த நிலையத்தில் எல்லோரும் இறங்கவேண்டும் என்று அறிவித்தார்கள். அவர் நிம்மதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.