கதை கேக்கிற ஓம்

முற்றத்தில் நான் இருந்தேன், என்ர மனுசி இருந்தா, பக்கத்து வீட்டு அக்கா இருந்தா, நெடுந்தீவுக் கிணறுகளை ஆராய வந்த, கம்பசில் படிக்கிற பிள்ளை இருந்தா. பிள்ளையின்ர மூக்குக்கண்ணாடி முழுக்கக் கடற்காற்றின் உப்பு. ஆராய்ச்சிக்குக் காசு குடுத்தவை அவவை முதலில் ஒரு வகுப்பில் இருத்தினவையாம். விளங்கிச் சம்மதிக்காத ஆளிட்ட ஒரு கேள்வியும் கேட்க ஏலாதாம்.

எங்கட கிணற்றைப் பற்றி என்ன கேக்கப்போறா, ஏன் கேக்கப்போறா எண்டு அவ விளக்க விளக்க நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

"ஐயா, இது கதை கேக்கிற ஓமோ, சம்மதிக்கிற ஓமோ?"

"கதை கேக்கிற ஓம்."

திரும்ப முதலிலிருந்து விளக்கினா.

"கலியாணத்துக்கும் இந்த மனுசன் கதை கேக்கிற ஓம்தான் சொன்னது, பிள்ளை," என்றா மனுசி.

கடைசிப் படகுக்கு நேரமாச்சு. பிள்ளை பையைத் தூக்கினா. "விருப்பமில்லாட்டிப் பரவாயில்லை ஐயா. நான் வெறுங்கையோட போறன்."

கெஞ்சவில்லை, முகமும் சுழிக்கவில்லை. அப்படி ஒரு ஆளை நான் முந்திக் கண்டதில்லை.

"ஓம்," என்றேன்.

"எந்த ஓம்?"

"சம்மதிக்கிற ஓம்."

அவ கேட்டு முடிக்கக் கடைசிப் படகு போயிட்டுது. பிள்ளை அக்கா வீட்டில் தங்கினா.

மனுசி விரல் விட்டு எண்ணினவ. கதை கேக்கிற ஓம் பதினெட்டு, சம்மதிக்கிற ஓம் ஒன்று.