லியோந்தின் வைத்த தகரக் கூண்டு

எங்கள் ரெயூனியன் தீவில் மலைப் பள்ளத்துக்குள் கிடக்கும் ஊர் எங்களுடையது. சாலை கிடையாது, மின்கம்பி கிடையாது. கூரைமேல் சூரியத் தகடு வைத்துக் காலத்தை ஓட்டினோம். லியோந்தின் வீட்டுக்கு அது போதவில்லை. அவள் புருஷன் கஸ்தோனுக்கு மூச்சுவிட ஒரு இயந்திரம் ஓடவேண்டும். அது பாதி ராத்திரியில் நின்றுவிடும்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்து எஞ்சினியர்கள் வந்தார்கள். மலை உச்சியில் ஒரு பெரிய தட்டு, கீழே லியோந்தின் தோட்டத்தில் கதவளவு கம்பிவலை. தட்டு அனுப்பும் அலையை வலை வாங்கி மின்சாரமாக்குமாம், நடுவில் கம்பியே வேண்டாமாம். ஒத்திகையில் வலையோடு கோத்த விளக்கு எரியத்தான் செய்தது. அதிகாரிகள் முன்னாலும் எரிந்துவிட்டால் முதல் இணைப்பு கஸ்தோனுக்கு. இல்லாவிட்டால் அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

"அங்க போனா பொட்டியிலதான் திரும்புவேன்," என்றான் கஸ்தோன்.

லியோந்தின் எக்ஸ்பெதி சாமியிடம் வேண்டிக்கொண்டாள். அவசரத்துக்கு எங்களுக்கு அவர்தான். கேட்டதைக் கொடுத்தால் சிவப்புத் துணி சாத்துவோம், கொடுக்காவிட்டால் சிலையின் தலையை எடுத்துவிடுவோம். அதிகாரிகள் வரும் அன்று விடியற்காலையில், வலைக்கு நேர் முன்னால், ஆள் உயரத்துக்குப் புதுத் தகரத்தில் சிவப்புக் கூண்டு எழுப்பிச் சாமியை உட்காரவைத்தாள்.

ஹெலிகாப்டரில் அதிகாரிகள் வந்தார்கள். விளக்கு எரியவில்லை. எஞ்சினியர்கள் வலையைத் தட்டிப் பார்த்தார்கள், உச்சியில் இருந்தவர்களை வயர்லெஸ்ஸில் திட்டினார்கள். கூண்டை ஒருவரும் தொடவில்லை. அவர்களும் இந்தத் தீவில் பிறந்தவர்கள்தானே. கடக்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார்கள். படித்த படிப்பெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ.

அதே ஹெலிகாப்டரில் கஸ்தோனை ஏற்றினார்கள். கூடப் போக இடமில்லை.

"அடுப்புல பருப்பு இருக்கு, பாத்துக்க," என்றான் அவளிடம். அவள் தலையாட்டினாள். அழவில்லை.

எஞ்சினியர்கள் சாமான் கட்டப் போனார்கள். உச்சியில் தட்டை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. லியோந்தின் அரிவாளோடு வந்து ஒரே வெட்டில் சாமியின் தலையை எடுத்தாள். பிறகு கூண்டைப் பிடுங்கி வாழைகளுக்குள் எறிந்தாள்.

விளக்கு எரிந்தது.

பட்டப்பகலிலும் நன்றாகவே தெரிந்தது. அவள் முகத்தில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அழுகை வந்தது.

"அக்கா, எஞ்சினியருங்களக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு." குனிந்து தலையை எடுத்து மண்ணைத் துடைத்தாள். "வரும்போது கடையில பசை இருந்தா வாங்கிட்டு வா. அவரு குடுத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு. நான்தான் மறைச்சிட்டேன்."