பத்திரத்தில் இறந்துபோன அத்தை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். திருவள்ளூரிலிருந்து தினமும் இங்கிருக்கும் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் வந்துபோய் உடம்பு ஓய்ந்துவிட்டது. அந்த வீடு எனக்குப் பெரிய விஷயம்.

பேங்க் லோனுக்காகப் பழைய பத்திரங்களைப் பார்த்த வக்கீல் ஒரு வரியில் நின்றார். விற்பவருடைய தாத்தாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டதாக எழுதி, வீட்டை மகன் பெயருக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்.

விற்பவரிடம் கேட்டேன். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அத்தை பூட்டாங்கன்னு நைனா சொல்வாரு. சர்டிபிகேட் எதுவும் இல்லியே" என்றார். அவர் அப்பாவும் காலமாகிவிட்டார். அதனால் நானே தெருவில் விசாரித்தேன். எதிர்வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சொன்னது? வரதய்யபாளையத்துல துணி தச்சிக்கினு இருக்காங்க. போன மாசம் ஒரு கல்யாணத்துல என் பக்கத்துல உக்காந்துதான் துன்னாங்க!"

வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டதால் வீட்டார் தலைமுழுகிவிட்டார்களாம்.

வீட்டைக் காட்டிய புரோக்கரிடம் சொன்னேன். "செத்துட்டாங்கன்னு ஒரு அஃபிடவிட் போட்டா முடிஞ்சி பூடும் சார். நீங்க எதுவும் கேக்கல, அவ்ளோதான்" என்றார். பத்து நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் டைப் அடித்த தாளை அவர் நீட்டியபோது 'இறந்துவிட்டார்' என்பதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

மறுநாள் வரதய்யபாளையத்துக்கு பஸ் ஏறினேன். தைத்துக்கொண்டிருந்த அந்த அத்தைக்கு அறுபது வயதிருக்கும். மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்திர நகலை இரண்டு முறை படித்தார்.

"நான் செத்தத எனக்கே சொல்லலியே இவுங்க" என்று சிரித்தார். பிறகு நகலை மடித்து என்னிடம் கொடுத்தார். "எங்க நைனா வூடு தம்பி அது. பங்க வுடமாட்டேன். ஒன் வேல லேட்டாவும், பரவால்லியா?" என்றார்.

பரவாயில்லை என்றேன். வீடு கைவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

விற்பவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்துதான் போன் செய்தேன். அவர் "இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து, வாசலிலேயே நின்று "அத்தே" என்றார். அந்த அம்மா அவரை உற்றுப் பார்த்தார்.

"எங்கண்ணன் மூக்கு அப்படியே இருக்குது. உள்ள வா, துன்னுட்டுப் பேசலாம்."

பதிவு நான்கு மாதம் தள்ளிப்போனது. விற்கும் பணத்தில் பாதியை அத்தைக்குக் கொடுக்க விற்பவர் சம்மதித்தார். பதிவு அலுவலகத்தில் விற்பவர்களின் பெயர்களைப் படித்தார்கள். இரண்டாவது பெயர் வந்ததும், அந்த அம்மா கையைத் தூக்கி, அறையே திரும்பிப் பார்க்கும்படி, "உன்னானண்டி!" என்றார் தெலுங்கில். இருக்கேங்க!

எனக்கு வீடு வேண்டும் என்பதற்காக, உயிரோடு இருக்கும் ஒரு மனுஷியை இன்னொரு முறை சாகடிக்க எனக்கும் பத்து நாள் மனசு வந்ததே என்பதுதான், அந்தக் குரலை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.